ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

கோவில்பட்டிப் பக்கம் என் சித்தப்பா வீடு கட்டியபோது, தளம் போடும் நாளில் நானும் போயிருந்தேன். காலை ஏழு மணிக்கே மிக்சர் ஓட ஆரம்பித்துவிட்டது. பத்து மணி வெயில் ஏறியதும் கலவை சட்டியை விட்டு இறங்க மறுத்தது. மேஸ்திரி சித்தப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சி, கலவை இறுகுது. கொஞ்சம் தண்ணி விட்டாத்தான் கம்பிக்குள்ள ஓடும்" என்றார். சித்தப்பா தலையாட்டினார். ஹோஸைப் பிடித்திருந்த பையன் குழாய் முனையை விரலால் அடைத்துப் பீய்ச்சினான். கலவை பாயசம் மாதிரி ஆனது. எல்லாருக்கும் வேலை சுலபமாகிவிட்டது.

அந்த ஹோஸ் தண்ணீரில் போனது தளத்தின் வலிமை. இதை 1918-லேயே சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்ற ஆய்வாளர் எண்களோடு காட்டிவிட்டார். ஏராளமான காங்கிரீட் மாதிரிகளை வார்த்து, உடைத்துப் பார்த்து அவர் கண்டது இதுதான்: நல்ல ஜல்லியும் மணலும் இருந்தால், காங்கிரீட்டின் வலிமையை முக்கியமாகத் தீர்மானிப்பது சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். தண்ணீர் கூடக் கூட வலிமை இறங்கும்.

காரணம் எளிது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து கல்லாகிறது. அந்த வினைக்குத் தேவையானது கொஞ்சம் தண்ணீர்தான். மிச்சமெல்லாம் கலவையை இளக்கி ஓடவைக்க மட்டுமே உதவுகிறது. பின்னால் ஆவியாகிப் போகும்போது, தான் இருந்த இடத்தை ஓட்டையாக விட்டுவிட்டுப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள். வலிமை குறைவதும், மழைநீர் தளத்துக்குள் இறங்குவதும், கம்பி துருப்பிடிப்பதும் அந்தத் துளைகள் வழியாகத்தான்.

நம் நாட்டு காங்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. கம்பி வைத்த காங்கிரீட்டுக்கு, சாதாரணச் சூழலில் சிமெண்டின் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 27 லிட்டர். மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். 27 லிட்டருக்குப் பதில் 37 லிட்டர் ஊற்றினால், வலிமையில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். காசு கொடுத்து வாங்கிய சிமெண்டை இலவசத் தண்ணீர் சாப்பிட்டுவிடுகிறது.

சரி, மேஸ்திரி சொன்னது பொய்யா? இல்லவே இல்லை. கலவை இறுகிப் போனால் கம்பிகளுக்கு நடுவே இறங்காது; சென்ட்ரிங் பிரித்த பிறகு தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரியும். அவர் சொன்ன சிரமம் உண்மையானது, தீர்வுதான் தவறு. அந்தச் சிரமத்துக்கும் ஆய்வகங்கள் பதில் கண்டுபிடித்திருக்கின்றன. சிமெண்டுத் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளாமல் விலக்கி, தண்ணீர் கூட்டாமலே கலவையை ஓடவைக்கும் ரசாயனம் அது. கடையில் அட்மிக்சர் என்று கேட்டால் கிடைக்கும். ஒரு மூட்டைக்குச் சில நூறு மில்லி போதும். அதோடு, கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டரும் இருந்தால் ஹோஸுக்கு வேலையே இல்லை.

கட்டட ஆராய்ச்சி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தண்ணீர்க் கதையைத்தான். அது வானளாவிய கோபுரங்களுக்கும் விண்வெளி ஓடங்களுக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி இப்படிப்பட்ட சின்ன 'ஏன்'களுக்குப் பதில் தேடுவதுதான். ஒரு பொருளை வார்த்து, உடைத்து, எங்கே எதனால் உடைந்தது என்று பார்க்கிறார்கள். விழுந்த கட்டடங்களுக்குப் போய் இடிபாட்டைப் படிக்கிறார்கள். கிடைத்த பதில் விதிநூலில் ஒரு வரியாகிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிடும் ஐ.எஸ். எண்கள் அந்த வரிகளின் தொகுப்பு. அந்த வரி தளத்தில் நிற்கும் மேஸ்திரி கைக்கு வந்து சேர்ந்தால்தான் வீட்டுக்குப் பலன். பாதி வீடுகளில் கடைசி இந்தப் பத்தடி தூரத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது என்பது என் ஆதங்கம்.

தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் இதே வேதியியல்தான். இப்போது நாம் அதிகம் வாங்குவது பி.பி.சி. சிமெண்ட், அதில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது சுண்ணாம்பு வெளிப்படும். சாம்பல் அந்தச் சுண்ணாம்போடு மெதுவாக வினைபுரிந்து கூடுதல் வலிமை தரும். மெதுவாக என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஈரம் நீண்ட நாள் இருக்க வேண்டும். அதனால்தான் விதிநூல் சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கு 7 நாள் என்றால், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் கட்டாயம், 14 நாள் நல்லது என்கிறது. மூன்று நாளில் தண்ணீரை நிறுத்துபவர்கள் சாம்பல் தன் வேலையை ஆரம்பிக்கும்போதே அதைப் பட்டினி போடுகிறார்கள்.

கரிசலில் வீடு

சித்தப்பாவின் பழைய வீட்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் மேலே போகும். சித்தி ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் சுண்ணாம்பு வைத்து அடைப்பார். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அது அதே இடத்தில் திரும்ப வாய் திறக்கும். "மண்ணு சரியில்ல" என்று ஊரில் எல்லாரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

மண்ணில் என்ன சரியில்லை? கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது அதிகம். சீட்டுக்கட்டு போல மெல்லிய அடுக்குகளால் ஆனது. மழை பெய்தால் தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும், மண் உப்பும். கோடையில் தண்ணீர் வெளியேறினால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு இது நல்ல மண். வீட்டுக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை மூச்சுவிடும் தரை. வீட்டைச் சுற்றியுள்ள மண் நனைந்து மேலே எழும், நடுவிலுள்ள மண் காய்ந்தே கிடக்கும். ஒரு பக்கம் தூக்க, ஒரு பக்கம் நிற்க, சுவர் தன் பலவீனமான இடத்தில், அதாவது ஜன்னல் மூலையில், கிழிகிறது.

ரூர்க்கியில் 1947-இல் தொடங்கிய மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கையில் எடுத்த முதல் பெரிய சிக்கல்களில் இது ஒன்று. நாட்டில் கணிசமான பரப்பு கரிசல் என்பதால், இது ஏழை எளியவர்களின் வீட்டுப் பிரச்சினை. மேல்மண் பருவத்துக்குப் பருவம் ஆடினாலும், ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஈரம் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் வீட்டின் பாரத்தை ஆடும் மண்ணைத் தாண்டிக் கீழே இறக்கிவிடலாம். துளை போட்டு, அடியில் மட்டும் அதைக் குமிழ் போல அகலப்படுத்திக் காங்கிரீட் வார்க்கும் முறையை அந்த நிறுவனம் வளர்த்தெடுத்தது. அண்டர் ரீம்டு பைல் என்று இன்ஜினியர்கள் சொல்வது இதைத்தான். குமிழின் விட்டம் தண்டின் விட்டத்தைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு. மேல்மண் உப்பித் தண்டை இழுத்து மேலே தூக்கப் பார்த்தாலும், அடியில் உள்ள குமிழ் நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

இதில் பலர் கோட்டைவிடும் ஓர் இடம் இருக்கிறது. பைல்களின் தலையை இணைத்து ஓடும் பீமுக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் நடுவே சுமார் மூன்று அங்குலம் காலியாக விட வேண்டும். மண் உப்புவதற்கான இடம் அது. வேலை முடிந்ததும் "ஓட்டையா இருக்கே" என்று அந்தச் சந்தில் உடைகல்லும் மண்ணும் அடைத்துவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசியில் மண் உப்பி, பீமை அடியிலிருந்து தள்ளுகிறது. ஆழமாகப் போட்ட பைலின் பலன் அத்தோடு சரி.

செலவு தாங்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ஐஐடி பம்பாயின் பேராசிரியர் ஆர்.கே. கட்டி, உப்பாத ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணைக் கரிசல் மேல் கெட்டியாகப் பரப்பினால் கரிசலின் உப்பல் அடங்குகிறது என்று காட்டினார். செம்மண்ணும் சரளையும் கலந்து மெத்துகிற நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது நெருங்கிய உறவு. வெறும் ஆற்றுமணலைப் போட்டு நிரப்புவது இதற்கு ஈடாகாது. மணல் தண்ணீரைத் தடுக்காமல் நேரே கரிசலுக்கு அனுப்பிவிடும். எந்த அஸ்திவாரம் போட்டாலும், வீட்டைச் சுற்றி நாலடிக்குச் சிமெண்ட் தளம் போட்டு மழைநீரைத் தள்ளி விடுவது குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய காப்பு.

ரிங்கின் கொக்கி

பாதுகாப்பு என்று வரும்போது எனக்கு உடனே மனதில் வருவது 2001 ஜனவரி 26. குஜராத்தில் புஜ் அருகே நிலநடுக்கம். 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் புத்தம் புதிய அடுக்குமாடிகள் விழுந்தன. பலவற்றில் தரைத்தளம் கார் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண்களில் நின்றது. மேலே எல்லா மாடியிலும் சுவர்கள் இருந்ததால் அவை பெட்டி மாதிரி விறைப்பாக நிற்க, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத் தூண்கள் தனியாகத் தாங்க வேண்டியதாயிற்று.

இடிபாட்டில் கண்ட தூண்கள் சொன்ன இன்னொரு செய்தி ரிங்கைப் பற்றியது. தூணின் நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தைத்தான் கம்பி கட்டுபவர்கள் ரிங் என்பார்கள். கம்பி சிதறாமல் பிடிக்க என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். நிலம் ஆடும்போது தூணின் வெளிப்பூச்சும் மேல் காங்கிரீட்டும் உதிர்ந்துவிடும். அதன்பின் உள்ளே இருக்கும் காங்கிரீட்டை நொறுங்கவிடாமல் இறுக்கிப் பிடித்திருப்பது ரிங் மட்டுமே. ரிங்கின் முனையை 90 டிகிரிக்கு மடக்கியிருந்தால், மேல் காங்கிரீட் உதிர்ந்தவுடன் முனை விரிந்துகொள்ளும். நெட்டுக் கம்பி வளையும், உள்ளிருப்பது கொட்டும், மாடி இறங்கும். 135 டிகிரிக்கு, அதாவது முனையை உள்நோக்கித் தூணின் நடுப்பகுதிக்குள் சொருகினாற்போல் மடக்கியிருந்தால் அது விரியாது.

மனதை அறுக்கும் விஷயம் என்னவென்றால், இதைச் சொல்லும் ஐ.எஸ். 13920 விதிநூல் 1993-லேயே வந்துவிட்டது. புஜ் நிலநடுக்கத்துக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே. தெரியாமல் போகவில்லை, தெரிந்தது தூண் வரைக்கும் போகவில்லை.

"நம்ம ஊர்ல எங்கே நிலநடுக்கம்?" என்று கேட்பார்கள். நிலநடுக்க ஆபத்துக்கு ஏற்ப நாட்டை மண்டலங்களாகப் பிரிக்கும் விதிநூலுக்கு 2002-இல் வந்த திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதில் கோயம்புத்தூரும் மூன்றாம் மண்டலம்தான். கொக்கியைக் கூடுதலாக மடக்க ஒரு ரிங்குக்கு ஆகும் கம்பி சில சென்டிமீட்டர். தூணின் மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் ஒன்றரை அடிக்குக் குறையாமல் ரிங்குகளை 10 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் நெருக்கமாகக் கட்டச் சொல்கிறது விதி. தூண் அதிகம் அடிபடுவது முனைகளில்தான். நம்மூரில் பெரும்பாலும் நேர்மாறாக, நடுவில் ஒழுங்காகக் கட்டிவிட்டு முனையில் கை நுழையவில்லை என்று இரண்டு ரிங்கை விட்டுவிடுகிறார்கள். காங்கிரீட் ஊற்றிவிட்டால் இதை யாராலும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படியான தூண்களையும் சுவர்களையும் உண்மையாகவே ஆட்டிப் பார்க்கும் மேடை சென்னை தரமணியில் இருக்கிறது. கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில், பதிவான நிலநடுக்கத்தின் அசைவையே மேடைக்குக் கொடுத்து மாதிரிக் கட்டடங்களை உலுக்குகிறார்கள். புயல்காற்றுக்குக் காற்றுச் சுரங்கமும் அங்கே உண்டு.

கடலோர வீடுகளுக்கு எதிரி வேறு. தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ பழைய வீட்டு சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: காங்கிரீட் பெயர்ந்து, துருவேறிய கம்பி விலா எலும்பு மாதிரி தெரியும். உப்பு நுண்துளைகள் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் உப்புக்காற்று அடிக்கும் இடத்திலேயே உலோகங்களை வைத்து அரிப்பைப் படித்துவருகிறது. கம்பிக்குப் பூசும் சிமெண்ட்–பாலிமர் பூச்சு அங்கே உருவானதுதான். அதைவிட மலிவான காப்பு, கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சின்னக் கட்டியான கவர் பிளாக். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே உள்ள காங்கிரீட்டின் கனம் சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டர் போதும் என்றால், கடலோரத்தில் 45 வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. இருந்தும், ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் சொருகிவிட்டுப் போவதைத்தான் இன்னும் பார்க்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு ஏன் இத்தனை புழுக்கம்?

இனி ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும் கேள்வி. வெளியே காற்று குளிர்ந்துவிட்டது, உள்ளே ஃபேன் அனலைக் கொட்டுகிறது. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் கட்டிலில் ஏறி நின்று தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம். தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு வெதுவெதுப்பு.

பகல் முழுவதும் சூரியன் தளத்தை நேராகச் சுடுகிறது. காங்கிரீட் கனமான பொருள். வெப்பத்தை நிறையச் சேமிக்கும், மெதுவாகக் கடத்தும். நண்பகலில் மேலே விழுந்த சூடு அடிப்பக்கத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. நாம் தூங்கப் போகும் நேரத்தில் தளம் தன் கணக்கைத் தீர்க்க ஆரம்பிக்கிறது. ஏ.சி. போட்டால், ராத்திரி முழுக்க அது குளிர்விப்பது அறையை மட்டுமல்ல, தலைக்கு மேல் உள்ள பல டன் காங்கிரீட்டையும் சேர்த்துத்தான். மின்கட்டணம் ஏறுவது அங்கே.

இதை அளக்க ஆய்வாளர்கள் யு-மதிப்பு என்ற எண்ணை வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பதே அது. குறைவாக இருந்தால் நல்லது. ஆறு அங்குல வெறும் காங்கிரீட் தளத்துக்கு இது 3-ஐத் தாண்டும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு கேட்பது அதிகபட்சம் 1.2. வழக்கமாக நாம் போடும் செங்கல் ஜல்லி–சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் மழைக்கு நல்ல காப்பு. வெப்பத்தை ஓரளவுதான் குறைக்கும், 1.2-க்குக் கொண்டுவராது. தளத்தின் மேல் இரண்டு அங்குல வெப்பத்தடுப்புப் பலகை பதித்து அதன் மேல் ஓடு ஒட்டினால் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும்.

பலகையைத் தளத்துக்கு மேலே வைப்பதா, ஃபால்ஸ் சீலிங் மாதிரி கீழே வைப்பதா? என் ஓட்டு மேலேதான். மேலே வைத்தால் தளமே நிழலில் இருக்கும், சூடேறி விரிந்து இரவில் சுருங்கும் ஆட்டமும் குறையும். விரிசலும் ஒழுக்கும் குறையும்.

இன்னும் மலிவான வழி வெள்ளை. கறுத்துப் போன காங்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு பத்தில் ஏழு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத் 2017-இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஒரு எச்சரிக்கை: தூசி படிந்தால் பலன் இறங்கும். மாசிக் கடைசியில் ஒருமுறை தளத்தைக் கழுவிவிட வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் வாழ்பவர்களுக்கு இந்த ஒரு டப்பா பெயிண்ட் தரும் ஆறுதல் மற்ற எல்லாரைவிடவும் அதிகம். அரசுத் திட்டங்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

ஜன்னலும் இந்தக் கணக்கில் உண்டு. நம்மைப் போல வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில், வீட்டின் உள்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளாக இருக்க வேண்டும் என்கிறது அதே சம்ஹிதா. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. இப்போது எங்கும் வைக்கும் சறுக்கு ஜன்னலில் ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நிற்பதால், பாதிதான் திறக்கும். நான்குக்கு நான்கடி ஜன்னல் வைத்துவிட்டு எட்டுச் சதுர அடிக் காற்றைத்தான் வாங்குகிறோம். பழைய கதவு ஜன்னல் முழுதாகத் திறக்கும். இந்தச் சட்டம் பெரிய மனைகளில் எழும் குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதியது. ஆனால் காற்றுக்கு மனையின் அளவு தெரியாது.

சித்தப்பா வீட்டுத் தளம் போட்ட அன்று யாரும் க்யூப் எடுக்கவில்லை. ஆறு அங்குலக் கனசதுர அச்சில் கலவையை நிரப்பி, 28 நாள் தண்ணீரில் போட்டு, பிறகு எந்திரத்தில் வைத்து நசுக்கும் சோதனை அது. வீடுகளுக்குப் பரவலாகப் போடும் எம்-20 காங்கிரீட் என்றால் அந்தச் சின்னக் கட்டி கிட்டத்தட்ட 45 டன் தாங்க வேண்டும். பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியிலேயே பெரும்பாலும் செய்து தருவார்கள். இரண்டு வருடம் கழித்து மாடி எடுத்தபோது ஆறு க்யூப் எடுத்தோம். மேஸ்திரி அதே மேஸ்திரிதான். நசுக்கும் நாளில் அவரையும் கல்லூரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஒழுங்கான அளவில் தண்ணீர் விட்ட மூன்று கட்டிகள், அவர் கேட்டுக்கொண்டதால் வேண்டுமென்றே தண்ணீர் கூட்டி வார்த்த மூன்று கட்டிகள். இரண்டாவது வகை முன்கூட்டியே நொறுங்கியபோது முள் எங்கே நின்றது என்பதை அவர் குனிந்து இரண்டு தரம் பார்த்தார்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்யும் இடங்களில் தண்ணீர் வாளியின் உள்பக்கம் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இருக்கிறது. மூட்டைக்கு இரண்டு வாளி. போன கார்த்திகையில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டார்கள். முந்தின ராத்திரி பெய்த மழையில் மணல் நனைந்து கிடந்தது. மிக்சர் பக்கத்தில் நின்ற பையனிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "இன்னிக்குக் கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழயே நிறுத்துடே. மணலே தண்ணி குடிச்சிருக்கு."